எட்டு வரிக் குப்பை

அத்தியாயம் 6

திருவொற்றியூர் பட்டறையின் ஷட்டரில் சிவப்புப் பெயின்ட்டால் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை.

"திலீப் ஆஸ்பத்திரியில உயிரோடதான் கீறான். எழுதுனவனுக்கு இன்னா அவசரமோ," என்றான் மதார் சாகிப்.

ஐரீன் குனிந்து, பாதி திறந்திருந்த ஷட்டருக்குள் நுழைந்தாள். ஐம்பது வயது, ராயபுரத்துக்காரி. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் சேதமான சரக்கைச் சோதித்து, தானாக உடைந்ததா, உடைக்கப்பட்டதா என்று எழுதிக் கொடுத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். பர்மா பஜாரில் செல்போன் பிரித்துக்கொண்டிருந்த மதார், மூன்று வருஷமாக அவளுடைய உதவியாளன்.

பட்டறைக்குள் ஜோதிகா தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பின்பக்க ஜன்னலின் கண்ணாடி தரையில் கிடந்தது. அதைப் பெருக்கக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. கையில் ஈயம் பற்றவைக்கும் கம்பி சூடாகப் புகைந்தது.

"யாரு?"

"என் பேரு ஐரீன். உனக்கு பிராசஸர் டிசைன் குடுத்த பெங்களூர் கம்பெனி என்னை அனுப்பியிருக்கு. அவங்க டிசைன நீ கெடுத்துட்டியான்னு அவங்களுக்குத் தெரியணுமாம்."

"கெடுத்துட்டேன்னு எழுதிக்குங்க. கிளம்புங்க."

"உட்காரச் சொல்லவே இல்ல, அதுக்குள்ள கிளம்பச் சொல்றாங்க. மரியாதை மிச்சம்," என்றான் மதார்.

ஜோதிகா அவனை முறைத்த முறைப்பில், கம்பியின் சூடு குறைவென்று தோன்றியது அவனுக்கு.

விஷயம் இதுதான். எர்ணாவூரில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு. அங்கே ஓடிய கிரேனின் மூளை, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பிராசஸர். அந்தச் சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அது செத்தால் கிரேனையே காயலான் கடைக்குத் தள்ள வேண்டியதுதான். ஜோதிகா அந்தப் பிராசஸரின் டிசைனை லைசென்ஸ் வாங்கி, வேறொரு சிப்பில் ஓட வைத்தாள். அந்தச் சிப் பிறவியில் எதுவும் இல்லை. எந்த டிசைனை ஏற்றுகிறோமோ அதுவாக மாறிக்கொள்ளும். வேண்டாமென்றால் அழித்துவிட்டு வேறு ஏற்றலாம். பதினான்கு மாத உழைப்பு. பொங்கல் முடிந்த கையோடு அவளுடைய புதுப் போர்டு கிரேனில் ஏறியது.

போன மாதம் பதினெட்டாம் தேதி காலை, அந்தக் கிரேன் தாங்காத பாரத்தைத் தூக்கி, கை முறிந்து சாய்ந்தது. ஆபரேட்டர் திலீப்புக்குத் தாடை உடைந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பேச முடியாத அவனிடம் போலீஸ் இன்னும் வாக்குமூலம் வாங்கவில்லை. டூப்ளிகேட் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று யார்டு மேனேஜர் ரகுபதி புகார் கொடுத்தார். இன்று மாலை நாலு மணிக்கு யார்டு ஆபீசில் இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒருமுறை விசாரிக்கப் போகிறார். அது முடிந்ததும் ஜோதிகாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது திருவொற்றியூர் முழுக்கத் தெரியும்.

ஐரீன் மேஜைமேல் கிடந்த ஒரு போர்டை விரலால் தட்டினாள். "டூப்ளிகேட் மாதிரி தெரியல, நல்லாத்தான் பண்ணியிருக்கே."

ஜோதிகா கம்பியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"டூப்ளிகேட் இல்ல. அதே டிசைன். தனிச் சிப்பா செதுக்கறதுக்குன்னு போட்ட டிசைன இதுல அப்படியே தூக்கிப் போட முடியாது. அவங்க சிப்ப ஓட்டுற கடிகாரத் துடிப்ப அங்கங்க நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருந்தாங்க, இங்க அது ஒத்துவராது. எல்லாத்தையும் மாத்தினேன். வெளியில இருந்த மெமரி சிப்ப எடுத்துட்டு இதுக்குள்ளயே இருக்கிற மெமரிய வச்சேன். எடை வரம்ப மட்டும் கிரேன் கம்பெனி சொன்ன அசல் வரம்பாவே வச்சேன். மத்தபடி கிரேனோட ஒயருக்குக்கூட வித்தியாசம் தெரியாது."

"வேற ஒரு வித்தியாசம்கூடவா இல்ல?"

ஜோதிகா தயங்கினாள். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் அவளால் வாயை மூடிக்கொள்ள முடியாது என்பதை ஐரீன் அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். சும்மா நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்று ஜோதிகா ஒரு தடித்த நோட்டைத் திறந்தாள். மூன்று அச்சுச் சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. மேலே 'சாம்பிள்', 'கிரேன்', 'புதுசு' என்று எழுதியிருந்தது. "கேபின்ல ஒரு பழைய பிரின்டர் இருக்கு. காலையில சுவிட்ச் போட்டதும் கடைசியா தூக்குன எட்டு பெட்டியோட எடைய அச்சடிக்கும். ஆனா கரண்ட் போனாலே மெமரி அழிஞ்சிடும். பழைய மெமரி முழிச்சதும் கண்டத உளறும், எட்டு வரியும் குப்பையா வரும். என் சிப்போட மெமரி சுத்தமா முழிக்கும். எட்டு வரியும் பூஜ்யம்."

"சாம்பிள்னா?"

"அந்த யார்டுல இதே மாதிரி இன்னொரு கிரேன் இருந்துச்சு, உடைச்சு வித்துட்டாங்க. அதோட போர்ட வாங்கி வச்சுதான் வேலை பண்ணேன்."

ஐரீன் அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டு முழுக்கத் தூசி. நடுவில் ஒரு போர்டு அளவுக்கு மட்டும் தூசி இல்லை.

"அது எங்க?"

நோட்டு மூடிக்கொண்டது. "இல்ல."

"எப்பலேர்ந்து இல்ல?"

"ஷட்டர இறக்கணும். ரெண்டு பேரும் வெளிய போங்க."

வெளியே வந்ததும் மதார் செல்போனைக் காட்டினான். போன் பேசுவது மாதிரி காதில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்திருந்தான்.

"சபாஷ். நோட்டுலேர்ந்து ஒரு வாசனை வந்துச்சே, கவனிச்சியா?"

"நெத்திலிக் கருவாடு. சோறு இருந்தா அங்கியே குந்திருப்பேன்."

"நடு சீட்டுலேர்ந்து மட்டும்தான் வந்துச்சு. கிரேன்லேர்ந்து வந்த சீட்டு நேரா பட்டறைக்கு வரல. ஒரு கருவாட்டுக் கூடையில கிடந்துட்டு வந்திருக்கு."

மதார் நின்றான். "திலீப்போட அம்மா கோவிந்தம்மா எர்ணாவூர் மார்க்கெட்டுல கருவாடு விக்குதுக்கா."

"ஆட்டோவ எடு."

கோவிந்தம்மா கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஐரீனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா வோணும்?"

"திலீப் பத்தி ரெண்டு வார்த்தை."

"போலீசா?"

"இல்ல."

"அப்ப எயுந்து போ. எம் புள்ளய வச்சி பேசிப் பேசியே வவுத்த கழுவுறீங்க."

மதார் நடுவில் புகுந்தான். "கால் கிலோ நெத்திலி குடு நைனா… தப்பு, அம்மா." கோவிந்தம்மா அவனைச் சபித்துக்கொண்டே நிறுத்தாள். பக்கத்தில் இருந்த தாள்கட்டில் ஒன்றை உருவிப் பொட்டலம் கட்டினாள். மதார் தாளைப் பார்த்தான். துளை போட்ட ஓரம், நீல அச்சு, எட்டு வரி.

"இன்னொரு கால் கிலோ. தனியா கட்டு."

"அர கிலோவா வாங்கினு போயேன்."

"ரெண்டு வூடுக்கு."

அவன் ஒன்பது வீட்டுக்கு வாங்கினான். ஒன்பதாவது பொட்டலத்தில் கோவிந்தம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இந்தத் தாளு ஏது?" என்று அவன் கேட்டதற்கு, "எம் புள்ள எடுத்தாருவான். காலையில மொத சீட்டு லாரிக்காரனுக்கு வாணாமாம்," என்று வெடுக்கென்று சொன்னாள்.

கடலோரக் கருங்கல்மேல் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். நெத்திலி முழுவதும் ஒரு பைக்குப் போயிற்று. சீட்டுகளை ஐரீன் தேதி வாரியாக அடுக்கினாள். ஏழு சீட்டுகள் போன தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் அச்சானவை. அவற்றில் குப்பை. இரண்டு பொங்கலுக்குப் பிந்தியவை. அவற்றில் பூஜ்யங்கள்.

மதார் ஏழையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "அக்கா, இது குப்பையே இல்ல. மொத வரியில மூணு கேள்விக்குறி. நாலாவது வரியில ஒம்போது ஒம்போதா ஏழு வாட்டி. ஏழு சீட்டுலயும் அங்கங்க ஒண்ணு ரெண்டு எழுத்துதான் மாறுது. எங்க தெருவுல ஒருத்தர் குடிச்சா டெய்லி ஒரே பாட்டத்தான் பாடுவாரு. அந்த மாதிரி கீது."

"உன் போட்டோவக் காட்டு."

நோட்டில் ஒட்டியிருந்த 'கிரேன்' சீட்டிலும் அதே மூன்று கேள்விக்குறி. 'சாம்பிள்' சீட்டில் வேறு குப்பை. முதல் வரியே நட்சத்திரக் குறிகளாக ஆரம்பித்தது.

"ரெண்டு குடிகாரங்க. ரெண்டு பாட்டு," என்றாள் ஐரீன். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரலில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. எழுந்து மறுபடியும் கோவிந்தம்மாவிடம் நடந்தாள்.

"பதினெட்டாம் தேதி திலீப் போட்டிருந்த சட்டை எங்கம்மா?"

கோவிந்தம்மா மீன் அலசிய தண்ணீரை வாளியோடு எடுத்து ஐரீன்மேல் வீசினாள். மார்க்கெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதார் முன்னால் பாய்ந்தான். ஐரீன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஊத்திட்டீங்கல்ல, இப்ப கேளுங்க. உங்க புள்ள கால எடுத்தது யாருன்னு அந்தச் சட்டைப் பையில இருக்கலாம்."

"எவன்னு எனக்குத் தெரியும். திருவொத்தியூருக்காரி. அவ கை அயுகிப் போவும்."

"அவளா இருந்தா நானே ஆஸ்பத்திரிக்கு வந்து உங்ககிட்ட சொல்றேன். சட்டையப் பாக்க விடுங்க."

கோவிந்தம்மா தான் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். பன்னிரண்டு நாளாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். சட்டையை யாரையும் தொட விடவில்லை. அவளே பையில் விரல் விட்டு, நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டினாள். ஒரு மூலை பழுப்பாக விறைத்துப் போயிருந்தது.

தேதி பதினெட்டு. நேரம் ஏழு பத்து. மூன்று கேள்விக்குறி.

"அன்னிக்கு அந்தப் பொண்ணோட போர்டு கிரேன்லயே இல்லக்கா," என்றான் மதார் மெதுவாக.

நாலு மணிக்கு யார்டு ஆபீசில் ஏ.சி. பற்களைக் கிட்டிக்க வைத்தது. இன்ஸ்பெக்டர், ரகுபதி, எதிரே ஜோதிகா. ஐரீனின் சேலை இன்னும் ஈரம். ரகுபதி மூக்கைச் சுளித்தார்.

"இங்க மீன் வியாபாரம் இல்லையே."

"கொஞ்சம் பொறுங்க, கடை போடுறோம்," என்றான் மதார்.

ஐரீன் பதினெட்டாம் தேதிச் சீட்டை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து, குப்பைக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். ஜோதிகா சீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. தன்னைக் காப்பாற்றும் சீட்டைக் கண்டு இவள் ஏன் பயப்படுகிறாள் என்று மதாருக்குப் புரியவில்லை.

ரகுபதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி. யாரோ பழைய போர்ட மாட்டியிருக்காங்க. பழைய போர்டு ரெண்டு இருக்கு சார். இந்தக் கிரேன்லேர்ந்து கழட்டுனது என் பீரோவுல. கழட்டுன அன்னிக்கே சீல் வச்சாச்சு. இன்னொண்ணு இந்தம்மா பட்டறையில. அது இப்ப எங்க இருக்குன்னு கேளுங்க."

"உங்க பீரோவுல இருக்கிறத பொங்கலுக்கு அப்புறம் யாரும் தொடலையா?" என்று ஐரீன் கேட்டாள்.

"சாவி என் இடுப்புல. எப்படித் தொடுவாங்க?"

"அத எழுதித் தரமுடியுமா?"

"தாராளமா." அவர் எழுதினார், கையெழுத்துப் போட்டார், காகிதத்தை இன்ஸ்பெக்டரிடம் தள்ளினார். "அந்தப் பட்டறைக்குத் திலீப் அடிக்கடி போவான் சார். பழைய போர்டுல எடை வரம்பு தொல்லை கிடையாது, வேலை சீக்கிரம் முடியும். எடுத்து வந்து மாட்டியிருப்பான். தன் தலையில தானே மண்ணப் போட்டுக்கிட்டான். கேஸ் அவன் மேல போடுங்க."

"திலீப் இல்ல," என்றாள் ஜோதிகா. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "நான்தான் மாட்டுனேன். சாம்பிள் போர்ட. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். காலையிலிருந்து அலைந்ததெல்லாம் இவளுக்குத் தூக்குக் கயிறு திரிக்கத்தானா என்று நினைத்தான் மதார்.

"பொய் சொல்றே," என்றாள் ஐரீன். "அதுவும் சீட்டைப் பாக்காமலே சொல்றே. பாரு."

"பாக்க வேணாம்."

"பாருன்னு சொல்றேன்ல."

ஜோதிகா பார்த்தாள். முதலில் எரிச்சலோடு. பிறகு சீட்டைக் கையில் எடுத்தாள். உதடு அசைந்தது. வரி வரியாக எண்ணினாள்.

"இது சாம்பிள் இல்ல," என்றாள்.

"எப்படிச் சொல்றே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மெமரி சிப் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி முழிக்கும் சார். ஆனா ஒரே சிப் எப்பவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் முழிக்கும். கைரேகை மாதிரி. சாம்பிள் நட்சத்திரமா ஆரம்பிக்கும். இது…" அவள் நிறுத்திவிட்டு ரகுபதியைப் பார்த்தாள்.

மதார் ஏழு கருவாட்டுச் சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பி, பக்கத்தில் போனை வைத்தான். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கடைசிச் சீட்டுக்கு வந்தபோது கைக்குட்டையை மறந்துவிட்டார்.

"பொங்கல் வரைக்கும் இந்தக் கிரேன்ல இருந்த அதே போர்டுதான் பதினெட்டாம் தேதியும் இருந்திருக்கு," என்றாள் ஐரீன். "அது உங்க பீரோவுல இருக்கு, யாரும் தொடல, சாவி உங்க இடுப்புலன்னு இப்பதான் கையெழுத்துப் போட்டீங்க. பழைய போர்டுகள்ல எடை வரம்ப உங்க யார்டுலயே எப்பவோ தூக்கிட்டீங்க. இந்தப் பொண்ணு கிரேன் கம்பெனியோட அசல் வரம்ப வச்சா. பாரம் மீறுனா புதுசு தூக்காது. பழசு தூக்கும். கிரேன் சாஞ்சதும் போலீஸ் வர்றதுக்குள்ள திரும்ப மாத்தி வச்சிட்டீங்க. அந்தப் பையன் சட்டைப் பைய மட்டும் பாக்கல."

"பீரோவத் திறங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

சீல் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அதன் அடியில், கிழித்து எடுத்த இன்னொரு சீலின் ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது ரகுபதி ஐரீன் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ராயபுரத்துல எந்தத் தெருன்னு தெரியும்."

"வாசல்ல போர்டே மாட்டியிருக்கேன்," என்றாள் அவள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் ஜோதிகா தானாகப் பேசினாள். பதினேழாம் தேதி சாயங்காலம் திலீப் சாம்பிள் போர்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவது அவள் பட்டறைக் கேமராவில் பதிவாகியிருந்தது. மறுநாள் விபத்து. அவள் அந்தப் படத்தை அழித்துவிட்டாள்.

"மூணு மாசம் கேபின்ல பக்கத்துல உக்கார வச்சு எல்லாம் சொல்லிக்குடுத்தான். அந்த யார்டுல வேற எவனும் என்னை மனுஷியா மதிக்கல. அவனுக்கு ஒரு கால் போயிடுச்சு. மிச்சத்த ஜெயில்ல கொண்டு வைக்கணுமான்னு நெனச்சேன்."

"எதுக்கு எடுத்தான்?"

"தெரியல. அதக் கேக்கத்தான் வர்றேன்."

வார்டு வாசலில் கோவிந்தம்மா ஜோதிகாவைக் கண்டதும் வழியை மறித்தாள். "இவள எதுக்கு இட்டாந்த?"

"நானே வந்து சொல்றேன்னு சொன்னேன்ல. இந்தப் பொண்ணு இல்ல," என்றாள் ஐரீன்.

"நீ சொல்லிட்டா ஆச்சா?"

உள்ளே திலீப் கட்டில் கம்பியைத் தட்டினான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். விரலால் எழுதுவது போலக் காட்டினான். மதார் பேனாவும் தன் சட்டைப் பையிலிருந்த ஒரு பில்லும் கொடுத்தான். திலீப் நெடுநேரம் எழுதினான். எழுதி ஜோதிகாவிடம் நீட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அந்தப் போர்ட வாங்க எனக்கு ஏழு மாசம் ஆச்சுடா," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பிறகு சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னா எய்திகிறான்?" என்றாள் கோவிந்தம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மதார் தாளை வாங்கினான். ஒரு வார்த்தை கூட்டாமல் படித்தான்.

"மேனேஜர் அந்த சாம்பிள் போர்ட எடுத்தாரச் சொன்னாரு. அத மாட்டி ஓவர் வெயிட்டு தூக்கச் சொல்லுவாருன்னு தெரியும். அதான் எடுத்துனு போயி எண்ணூர் முகத்துவாரத்துல போட்டேன். கிடைக்கலன்னு சொன்னேன். பீரோவுல இன்னொண்ணு கீறது எனக்குத் தெரியாது. காலையில சீட்டப் பாத்துட்டு எறங்கப் போனேன். எறங்குனா இனிமே வராதன்னாரு."

வார்டில் யாரோ இருமினார்கள். கோவிந்தம்மா ஜோதிகாவின் முதுகை ஒரு நிமிஷம் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அந்த மேனேஜர எந்த டேசன்ல குந்த வச்சிகிறாங்க?"

பதிலுக்கு நிற்காமல் அவள் விடுவிடுவென்று படியிறங்கிப் போனாள்.

"ஆட்டோவ எடு மதார்," என்றாள் ஐரீன். "அந்தம்மா போறதுக்குள்ள நாம அங்க இருக்கணும்."

"தடுக்கறதுக்கா, அக்கா?"

ஐரீன் பாதிப் படி இறங்கியிருந்தாள். "போய்ப் பாப்போம்," என்றாள்.